பதினேழாம் நம்பர் கால்

சத்தியம். ஒரு தரம் இல்லை, மூன்று தரம் சத்தியம். என் பச்சைக் கொடி மேல் ஆணை, சிவப்புக் கொடி மேல் ஆணை, முப்பத்தாறு வருஷம் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் குலுங்கிக் குலுங்கித் தேய்ந்துபோன என் இடுப்பெலும்பு மேல் ஆணை, இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. மானாமதுரை தாண்டி பிரேக் வேனில் ஏறிப் படுத்துக்கொண்ட சிறுத்தைக்குத் தயிர்சாதம் ஊட்டினேன் என்று சொல்லியிருப்பேன், அது பொய். சிறுத்தையே பொய், தயிர்சாதம் மட்டும் நிஜம். நாற்பத்திரண்டு வேகன் மாம்பழம் வெயிலில் வெந்து ஒழுகி, வண்டி போன வழியெல்லாம் எறும்புகள் தண்டவாளத்தைத் தூக்கிக்கொண்டு போனது, அதுவும் பொய். இது அந்த ஜாதி இல்லை. இதைக் கேட்டு இதுவரை யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் யாரிடமும் சொல்லவில்லை. ரிட்டயர்டு கார்டு ராஜமன்னார் ஆகிய நான், வயது எழுபத்துமூன்று, சர்க்கரை இருபது வருஷம், சுயநினைவோடு சொல்கிறேன். உடம்பு அந்த ஹாலை விட்டு வெளியே வந்து மூன்று மாதம் ஆகிறது. மனசு இன்னும் அங்கேதான், நாலாவது வரிசை சிவப்பு நாற்காலியில், ஏசிக் குளிருக்குக் கைகளைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வா என்றால் வரமாட்டேன் என்கிறது.

மணி பத்தே முக்கால். மேடையில் சுகிர்தா நிற்கிறாள். கத்திரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவை, கழுத்தில் பல்கலைக்கழக அடையாள அட்டை, இரண்டும் ஒன்றோடு ஒன்று சண்டை போடுகின்றன. ஐந்து வருஷமாகச் செய்த ஆராய்ச்சிக்கு இன்று கடைசிப் பரீட்சை. வைவா என்கிறார்கள். இந்தப் பரீட்சையில் ஒரு விசேஷம், கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கடைசியில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், போகும்போது சமோசாவும் லட்டும் உண்டு. நான் லட்டுக்கு வரவில்லை. வரவில்லை என்றால் வந்தேன்தான், ஆனால் சர்க்கரைக்காரன், ஆகையால் வரவில்லை. முன்வரிசையில் நாலு துறை உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர்காரர், சுற்றுச்சூழல்காரர், பொருள் வடிவமைப்பு வாத்தியார், கால் சிகிச்சை டாக்டரம்மா. ஒரு ஜோடி செருப்புக்கு நாலு துறை. பழைய டயர் ரப்பரும் வாழைநாரும் சேர்த்து அழுத்திய அடிப்பாகம், எறிந்தால் மண்ணோடு மண்ணாகப் பாதிக்கு மேல் மக்கிவிடுமாம், அது சுற்றுச்சூழல். வார் காலைக் கடிக்காது, அது வடிவமைப்பு. உள்ளங்காலில் எந்த இடம் அழுந்துகிறது, எந்த இடம் சுடுகிறது என்று அடிப்பாகத்துக்குள் இருக்கிற பொட்டுப் பொட்டான மெஷின்கள் எழுதி வைக்கும், அதைக் கூட்டிப் பெருக்கி இந்த இடத்தில் புண் வரப்போகிறது என்று வருவதற்கு முன்னாலேயே சொல்லும், அது கம்ப்யூட்டர். சர்க்கரைக்காரன் விரல் தப்பிக்கும், அது மருத்துவம். முப்பது பேருக்குக் கொடுத்து ஆறு மாதம் நடக்கச் சொன்னார்கள். முப்பதில் பதினேழாம் நம்பர் நான். பேரைச் சொல்லக்கூடாது என்று விதியாம். மேடையில் அவள் 'பி செவன்டீன்' என்றதும் நானே எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்தில் துணைக்கு வந்த சங்கிலியும் தட்டினான். அந்தக் கைதட்டல்தான் எனக்கு இப்போது காதுக்குள் நண்டு மாதிரி நடக்கிறது.

சங்கிலி யார் என்று சொல்லவில்லையே. ரிட்டயர்டு கீமேன். கீமேன் என்றால் தண்டவாளத்தோடு தினமும் நடக்கிறவன், தோளில் சுத்தியல், கையில் ஸ்பேனர், ஒவ்வொரு கட்டையிலும் தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்துகிற ஆணியும், சாவி என்கிற இரும்புக் கொண்டியும் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, தளர்ந்ததைத் தட்டி, போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. வண்டியில் போகிறவனுக்கு அவன் ஒரு புள்ளி. நான் பிரேக் வேனிலிருந்து பார்த்த புள்ளி. எனக்கு எதிர் வீட்டில் குடியேறிப் பதினோரு வருஷம். இன்னும் 'கார்டய்யா' என்றுதான் கூப்பிடுவான். படிப்பு கிடையாது, கையெழுத்து மட்டும் நாலு எழுத்து, அதுவும் ஒவ்வொரு எழுத்தையும் ஸ்பேனர் போட்டு இறுக்குவது மாதிரி எழுதுவான். வருகைப் பதிவுத் தாள் கை மாறிக் கை மாறி வந்தபோது அப்படித்தான் எழுதினான், நாக்கைக் கடித்துக்கொண்டு. அதற்கு மேலே என் கையெழுத்து, பச்சை மையில், வாலும் கொம்புமாக. "என்னங்கய்யா சொல்லுது அந்தப் புள்ள?" என்று காதில் கேட்கிறான். பேச்சு முழுக்க இங்கிலீஷ். நான்தான் மொழிபெயர்ப்பாளன். "இந்தச் செருப்பால உலகத்துல குப்பை கொறையுமாம்" என்கிறேன். அவள் அப்போது சொன்னது, உணர்ச்சி போன பாதத்தில் வலி தெரியாது, வலி தெரியாததால் நோயாளி தாமதமாக வருவார், தாமதத்தால் விரல் போகும், காலே போகும் என்று. சங்கிலியின் இடது காலில் இப்போது கான்வாஸ் ஷூ. முன்னால் பஞ்சு அடைத்திருக்கிறது. பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு. நான் குனிந்து பார்க்கவில்லை. குனியாமலே தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை. எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமையால் வந்தது. வாராவாரம் செவ்வாய் பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வருவாள், செருப்பின் குதிகாலில் இருக்கிற சின்ன மெமரி அட்டையை எடுத்து லேப்டாப்பில் செருகுவாள், பிறகு ஒரு ரெக்கார்டரை என் முன்னால் வைத்து, "தாத்தா, இந்த வாரம் செருப்பு எப்படி இருந்துச்சு? மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க" என்பாள். யோசித்துப் பாருங்கள். என் மகன் பெங்களூரில் இருந்து போனில் பேசினால் 'சொல்லுங்கப்பா, வேற?' என்பான், அந்த 'வேற'யில் கட் பண்ணுகிற அவசரம் இருக்கும். நான் பேசுவதை ஒருத்தி மெஷின் வைத்துப் பிடித்துக்கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாக எழுதுகிறாள் என்றால்? சிறுத்தையைச் சொன்னேன். மாம்பழத்தைச் சொன்னேன். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தபோது பாம்பு குறுக்கே வந்தது, செருப்பு முன்கூட்டியே சுட்டது, நின்றுவிட்டேன் என்று சொன்னேன். சிரித்தாள். "பாம்புக்கு நாங்க புரோக்ராம் போடலையே தாத்தா." சிரித்துக்கொண்டே எழுதினாள். ஒரு நாள் தண்டவாள விரிசல் கதையையும் சொன்னேன், பனிக்கால விடியலில் தண்டவாளம் பிளந்திருந்ததைப் பார்த்துச் சிவப்புக் கொடியோடு கால் கிலோமீட்டர் ஓடி எக்ஸ்பிரஸை நிறுத்தியது. அது நடந்த கதைதான். ஓடியது நான் இல்லை, சங்கிலி. முப்பது வருஷமாக நான் சொல்லிச் சொல்லி அது என் காலில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கொஞ்ச நேரம் முன்பு மேடையில் அவள் பி செவன்டீனைப் பற்றி 'ரெயில் ஃப்ராக்சர்' என்று சொன்னாள். ரயில்வேக்காரனுக்கு அந்த இரண்டு வார்த்தை போதும், எந்த மொழியில் சொன்னாலும் முதுகு நிமிரும். சங்கிலி என்னைத் திரும்பிப் பார்த்தான். "அதையும் சொல்லிட்டியளா கார்டய்யா" என்று சிரித்தான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நான் நடக்கவில்லை. அதுதான் விஷயம், அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். தினமும் ஆறாயிரம் அடி நடக்கச் சொன்னாள். முதல் வாரம் நடந்தேன், எண்ணூறு அடி. அவள் முகம் வாடியது. "தாத்தா, அடி போதாட்டி உங்களை லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லுவாங்க." எடுத்தால் செவ்வாய்க்கிழமை போச்சு. எதிர் வீட்டில் ஒருவன் காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேலை விட்டுப் பத்து வருஷம் ஆகியும் பழக்கம் விடாமல், பாலம் வரை போய்த் திரும்பி வருகிறான், சாயங்காலமும் இன்னொரு நடை போகிறான், ரப்பர் செருப்பில் ஊக்கு குத்தி. அவனுக்கும் எட்டாம் நம்பர், எனக்கும் எட்டாம் நம்பர். "சங்கிலி, டாக்டர் என்னை அடி எண்ணச் சொல்லியிருக்கார், இந்தச் செருப்பு தானே எண்ணிக்கும், எனக்குப் பதிலா நீ நடந்துட்டு வந்து வச்சிரு" என்றேன். அவன் கேட்டான், "நான் நடந்தா ஒங்க சக்கரை எப்படிங்கய்யா கொறையும்?" நியாயமான கேள்வி. நாலு துறையும் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல மாத்தி விட்டுருவாங்க" என்றேன். நம்பினான். தினமும் ஒன்பதாயிரம் அடி. அவனுக்குச் சர்க்கரை இருந்தது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, அந்தச் செருப்புக்கு மட்டும் தெரிந்திருந்தது.

இப்போது திரையில் பயனாளிகள் சொன்னவை என்று ஒரு பக்கம். மேலே என் வாக்கியம், தமிழில், கொட்டை எழுத்தில். 'பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு.' கீழே பி செவன்டீன். சுகிர்தா அதை வாசிக்கும்போது குரல் இனிக்கிறது. செருப்பு அவ்வளவு சுகம் என்பதற்குச் சாட்சி. அது நான் சொன்னதுதான், ஆனால் என் பாதம் சொன்னதில்லை. சங்கிலி நாலாவது வாரம் படியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னான், நான் அப்படியே எடுத்து ரெக்கார்டரில் போட்டேன், ஒரு நல்ல வார்த்தை கிடைத்தால் விடுவேனா. டாக்டரம்மா கையைத் தூக்குகிறார். தமிழிலேயே கேட்கிறார். "ஒரு நிமிஷம் சுகிர்தா. பஞ்சு மேல நடக்கற மாதிரிங்கறது எங்க கிளினிக்ல வேற அர்த்தம். நரம்பு செத்துக்கிட்டு வர்றவங்க முதல்ல சொல்ற வார்த்தையே அதுதான். ஆனா இவரை நானே டெஸ்ட் பண்ணினேன், பாதத்துல உணர்ச்சி பிரமாதமா இருந்துச்சே?" ஹால் முழுக்க என் பாதத்தைப் பார்க்கிறது. நான் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறேன். இரண்டும் இருக்கின்றன, பத்து விரலும் இருக்கின்றன, விரலை மடக்குகிறேன், நீட்டுகிறேன், ஷூவின் மூலையில் ஒரு மணல் துகள் உறுத்துவதுகூடத் தெரிகிறது, இவ்வளவு நல்ல கால் எனக்கு எதற்கு, எண்ணூறு அடிக்கு? சங்கிலி கேட்கிறான், "பஞ்சுன்னுச்சே அந்தம்மா, அது நான் சொன்னதுல்ல?" "எல்லாரும் சொல்றதுதான்" என்கிறேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். படிக்கத் தெரியாதவன் எழுத்தைப் பார்ப்பது, ஓடாத வண்டியைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது.

அடுத்த பக்கம் வருகிறது. வராமல் இருந்திருக்கலாம். கரண்ட் போயிருக்கலாம். இந்த ஊரில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் போகிற கரண்ட், இன்றைக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. திரையில் இரண்டு பாதங்கள், பச்சையும் நீலமுமாக, இடது பெருவிரலுக்கு அடியில் மட்டும் ஒரு சிவப்பு. பதினாலாவது வாரம், பதினேழாம் நம்பர். சிவப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு சிவப்பைத் தாண்டியதில்லை நான், அது மட்டும் என் கதைகளிலேயே மெய்யான கதை, அதனால் அதைச் சொல்வதில்லை, சுவை இருக்காது. அன்றைக்குப் போன் செய்தாள். "தாத்தா, இடது கால் கட்டை விரலுக்குக் கீழ நல்லாப் பாருங்க, ரெட் காட்டுது, இன்னைக்கே கிளினிக் வாங்க." போனேன். டாக்டரம்மா கண்ணாடியை வைத்துப் பார்த்தார், தடவினார், உணர்ச்சி சோதிக்கிற நைலான் நூலால் குத்தினார், ஒன்றும் இல்லை என்றார். இருக்காது. இருக்க வேண்டியது அந்தச் சமயம் பாலத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. ஆட்டோவில் திரும்பி வரும்போது அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று சொல்லக்கூடாது, உறைத்தது. உறைத்தது என்றும் இல்லை, ஒரு கல் மாதிரி உள்ளே உட்கார்ந்தது, அதன் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் சங்கிலி செருப்பைக் கொண்டுவந்து வைத்தபோது கேட்டேன். "கால்ல ஏதாவது வலி இருக்கா சங்கிலி?" "வலியா? வலியே இல்லீங்கய்யா. எடது கால் மரத்த மாதிரி சொகமா இருக்கு." சுகிர்தா எத்தனை செவ்வாய் சொன்னாள், வலி தெரியாததுதான் ஆபத்து தாத்தா, வலி சொல்லாததைச் சூடு சொல்லும் என்று. எனக்குப் பாடம் மனப்பாடம். காலைக் காட்டு என்று ஒரு வார்த்தை. மூன்று எழுத்தோ நாலோ. காட்டு என்றால் ஏன் என்பான், ஏன் என்றால் போன் வந்தது என்று சொல்லவேண்டும், பிறகு செருப்பு கைமாறியது அவளுக்குத் தெரியும், பிறகு செவ்வாய்க்கிழமை வராது. "சுகமா இருந்தா சரி" என்றேன். காபி கொடுத்தேன். சர்க்கரை இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன்.

பதினைந்தே நாள். விரல் கறுத்துப் பாயில் ஈரம் கசிந்தபோதுதான் அவன் பெண்டாட்டி பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், எல்லாரிடமும் நான்தான் சொன்னேன், ஆணி குத்திவிட்டது என்று. ஆணி! தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆணிகளின் நடுவில் நடந்தவனை எந்த ஆணி குத்தும்? அவனே அந்தக் கதையை நம்பிவிட்டான். "எந்த எடத்துலன்னு தெரியலையே கார்டய்யா, பாத்துத்தான நடப்பேன்" என்று கட்டுப் போட்ட காலைப் பார்த்து வெட்கப்பட்டான். அவன் வெட்கப்பட்டான்.

"அது யாரு காலு?" என்கிறான் இப்போது. திரையில் சிவப்பு இன்னும் எரிகிறது. "என் கால்." "ஒங்க காலா?" "ம்." "அந்த எடத்துல ஒங்களுக்கு ஒண்ணும் இல்லியே." வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பேச ஆரம்பித்துவிட்டார், அது எனக்குச் சௌகரியம். ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாக, நகம் வெட்டுகிறவர் மாதிரி பேசுகிறார். ஆறு மாதத்தில் முப்பது பேரில் உங்கள் மெஷின் மூன்று தடவைதான் அபாயம் சொன்னது, சரியா? சரி சார். அதில் இரண்டில் புண் வந்தது, ஒன்றில் டாக்டரே பார்த்து ஒன்றும் இல்லை என்றார், சரியா? சரி சார். மூன்றில் ஒன்று பொய். அந்த ஒன்றிலும் தினமும் ஒன்பதாயிரம் அடி நடந்தவர் பதினாறாம் வாரத்திலிருந்து அறுநூறு அடி நடக்கிறார், அதற்கும் உங்களிடம் விளக்கம் இல்லை. இதை நம்பி நானூறு ஏழைகளுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? டாக்டரம்மாவின் மையம் அடுத்த மாதம் நானூறு ஜோடி வாங்கித் தருவதாக இருந்தது. டாக்டரம்மா பேனாவை மூடுகிறார். நான் பார்த்தேன், மூடினார். இன்னும் ஒரு வருஷம் சோதனையைத் திரும்பச் செய்யட்டும் என்கிறார் தேர்வாளர். சுகிர்தாவின் உதவித்தொகை போன மாதமே நின்றுவிட்டது, பின்வரிசையில் அவள் புருஷன் தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுகிறான். அவள் சொல்கிறாள், "சார், அந்த ஒண்ணு ஏன் தப்பாச்சுன்னு எனக்கு நிஜமாவே தெரியல சார்." தமிழில் சொல்லிவிட்டாள். பயந்தால் இங்கிலீஷ் முதலில் ஓடிவிடும் போலிருக்கிறது. "என்னங்கய்யா, அழுவுதா அந்தப் புள்ள?" "இல்ல, ஏசி." "என்ன கேக்குறாரு அவரு?" "செருப்பு என்ன விலைன்னு கேக்குறார்." வாயில் பொய் ஊறுகிறது, எச்சில் மாதிரி, விழுங்கினால் இன்னும் ஊறுகிறது.

கூட்டத்தில் யாருக்காவது கேள்வி உண்டா என்கிறார் அவளுடைய கைடு. இதுவும் ஒரு சடங்கு. சொல்லி வைத்த இரண்டு சிநேகிதிகள் எழுந்து சொல்லி வைத்த இரண்டு கேள்வி கேட்கிறார்கள், வாழைநார் எந்த ஊரில் கிடைக்கிறது, பேட்டரி எத்தனை நாள் வரும். சுகிர்தா சொல்லி வைத்த பதிலை மறந்து நிற்கிறாள். எழுந்து பேசக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக்கூட அனுப்பலாம் என்கிறார் கைடு. கூச்சமா, எனக்கா? பிளாட்பாரத்தில் ஆயிரம் பேர் நடுவில் விசில் ஊதினவன். எழுந்திரு ராஜமன்னார். எழுந்து என்ன சொல்வாய்? மெஷின் பொய் சொல்லவில்லை, நான் சொன்னேன் என்பாய். யாருடைய கால் என்பார்கள். பக்கத்தில் கையைக் காட்டவேண்டும். காட்டினால் அவன் திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு பார்வைக்குப் பயந்துதான் நானூறு பேர் காலை உட்கார்ந்தே மிதித்துக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பையில் டாக்டர் சீட்டு, அதன் பின்பக்கம் காலி. பச்சைப் பேனா. எழுதுகிறேன். 'பதினேழாம் நம்பர் செருப்பைப் போட்டு நடந்தது பதினேழாம் நம்பர் ஆள் இல்லை. நடந்தவருக்குச் சிவப்பு காட்டிய அதே இடத்தில் புண் வந்து, பதினைந்து நாளில் இடது பெருவிரலை எடுத்துவிட்டார்கள். மெஷின் பொய் சொல்லவில்லை.' பேர் போடவில்லை. முன்பக்க மேல்முனையில் என் பேர் தெரிகிறதே என்று அந்த முனையை மட்டும் கிழித்து எடுத்துவிட்டு, நாலாக மடித்து, யாரிடம் கொடுத்தேன் தெரியுமா? சங்கிலியிடம். நடைபாதை அவன் பக்கம். மடிப்பைப் பிரித்தாலும் அவனால் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் கொடுத்தேன், இதைவிடக் கேவலமாக ஒரு காரியம் நான் செய்ததில்லை. அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஏதோ பிரசாதம் மாதிரி, முன்வரிசைக்கு நீட்டினான்.

கைடு பிரிக்கிறார். முதலில் மனசுக்குள் படிக்கிறார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, தமிழில், உரக்கப் படிக்கிறார். 'அதே இடத்தில் புண் வந்து' என்கிறபோது சங்கிலியின் இடது கால் தரையில் லேசாக நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஹாலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவன் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான், அந்தச் சிவப்பை. பிறகு ஷூவைப் பார்த்தான். மறுபடி திரையை. தளர்ந்த சாவியைத் தேடிக்கொண்டு கட்டை கட்டையாகப் போகிறவன் மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனான், எனக்குத் தெரிந்தது, எங்கே போய் நிற்பான் என்றும் தெரிந்தது. "இதை எழுதினது யாரு?" என்றார் கைடு. எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள், நான்தான் கும்பிட்டுவிட்டேனே. அப்போது பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது.

"நான்தானுங்க" என்றான் சங்கிலி. எழுந்து நிற்கிறான், கைத்தடியை ஊன்றி, அதிகாரி முன்னால் நிற்கிற நிற்பு. "நான் சங்கிலி, ரிட்டயர்டு கீமேனுங்க. கார்டய்யா வீட்டு வாசல்ல கெடக்குற செருப்ப அவருக்குத் தெரியாம எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயி நடந்துட்டு, வந்து வச்சிருவேன். தெனமும். அவருக்கு ஒண்ணும் தெரியாது. தப்புதாங்க. அந்தப் புள்ள செஞ்ச மெசினுல கோளாறு இல்லீங்க, பாருங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்து, குனிந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். காலை முன் நாற்காலியின் விளிம்பில் தூக்கி வைத்தான். டாக்டரம்மா ஓடி வந்து மண்டியிட்டு, திரையையும் காலையும், காலையும் திரையையும் பார்த்தார். தேர்வாளர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். பொய்யே சொல்லத் தெரியாதவன் என்று நான் எழுபது பேரிடம் சொல்லியிருப்பேன், அவன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னான், ஹால் முழுக்க நம்பிவிட்டது. நாலு எழுத்துக் கையெழுத்துக்காரன் ஐந்து வரி எழுதினான் என்றால் நம்புகிறார்களே, எதிரில் வருகைத் தாள் கிடக்கிறதே, ஒருவர்கூடப் பார்க்கவில்லையே. ஒருத்தி பார்த்தாள். சுகிர்தா மேசைக்குப் போய்ச் சீட்டை எடுத்தாள், தாளை எடுத்தாள், பச்சையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆறு மாதம் என் பொய்களை எழுத்து எழுத்தாக எழுதியவள். எது என் சரக்கு, எது இல்லை என்று அவளுக்குத் தெரியாதா?

மருத்துவமனைப் பதிவை இணைத்து, அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதி, ஒரு மாதத்தில் கொடுக்கட்டும், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார் தேர்வாளர். கைதட்டல். இந்த முறை நான் தட்டவில்லை. சமோசாத் தட்டோடு வந்த சுகிர்தா சங்கிலியின் காலைத் தொட்டுப் பார்த்து, "ஐயா, உங்களுக்குன்னு தனியா ஒரு ஜோடி செஞ்சு தர்றேன்" என்றாள். அவன் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டான். என் பக்கம் திரும்பி மெதுவாக, "ரெண்டு கையெழுத்தும் ஃபைல்ல இருக்கு தாத்தா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை எதுவும் வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிழற்குடைக்குக் கீழே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவன் சமோசாவைப் பேப்பரோடு கையில் வைத்திருந்தான். "ஏன் சங்கிலி அப்படிச் சொன்னே?" என்றேன். "வண்டி நிக்கக்கூடாதுல்ல கார்டய்யா. வெரிசல் எங்கன்னு காட்டிட்டா போதும். யாரு மேலன்னு பொறவு பாத்துக்கலாம்" என்றான். ஒரு பஸ் வந்து போனது. அது எங்கள் பஸ்தான், இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பிறகு கேட்டான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அன்னைக்கு வலி இருக்கான்னு கேட்டியளே கார்டய்யா. அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?" எனக்கு வாயில் ஆயிரம் கதை வரும். அன்றைக்கு ஒன்றுதான் வந்தது. "தெரியாது சங்கிலி. சத்தியமாத் தெரியாது" என்றேன். "அதான. தெரிஞ்சா சொல்லியிருப்பியளே" என்று சொல்லிவிட்டுச் சமோசாவைப் பிட்டு, பாதியை எனக்குக் கொடுத்தான். தின்றேன். தெரியும். உங்களிடம் சொல்கிறேன், தெரியும். அவன் இன்னும் தினமும் தடியை ஊன்றி எதிர் வீட்டிலிருந்து வருகிறான், கார்டய்யா என்கிறான், நான் இன்னும் காபி கொடுக்கிறேன், சர்க்கரை போடாமல். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், சிறுத்தையோடு சேர்த்துச் சொன்னாலும் சரி, எப்படியும் கதை என்றுதான் நினைப்பார்கள். யார் சொன்னார்கள் என்று மட்டும் கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். நான் கதவைத் திறந்தால் எதிரில் அவன் வீடு.